மலைச்சரிவிலிருந்து வானைப் படமெடுக்க: முறிவுத் தொலைகாட்டியைத் தெரிவு செய்தல்

முறிவுத் தொலைகாட்டியின் முன்முனையில் ஒரு வில்லைத் தொகுதி இருக்கும். அது ஒளியை முறித்துக் குழாயின் மறுமுனையில் குவிக்கிறது. தெறிப்புத் தொலைகாட்டி இதே வேலையை ஆடியால் செய்கிறது. ஒரே காசுக்கு ஆடி தரும் துவாரம், அதாவது ஒளி புகும் விட்டம், வில்லை தருவதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆய்வு நிலையங்கள் ஆடிக்கு மாறி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. மொறட்டுவை, கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜப்பான் அரசு வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியும் ஆடிக் கருவிதான். ஆனாலும் வானைப் படமெடுக்கத் தொடங்கும் ஆர்வலருக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது 60 முதல் 100 மில்லிமீற்றர் வரையான சிறிய முறிவுத் தொலைகாட்டியே. பதுளை மாவட்டத்தின் தென்சரிவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த போன்ற தோட்டப் பகுதிகளுக்கு அந்தப் பரிந்துரை இன்னும் வலுவாகப் பொருந்துகிறது. ஆனால் எந்தச் சிறிய தொலைகாட்டி, எதன்மேல் பூட்டப்பட்டது, எந்த மாதங்களுக்கு என்று கேட்டால், ஐரோப்பிய, அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளின் விடை இந்த மலைக்குச் சில இடங்களில் பொருந்தாது.

சிறிய வில்லையின் பலம்

கண்ணால் பார்ப்பவருக்குத் துவாரமே பெரிது. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு கணத்தில் எவ்வளவு ஒளி வருகிறதோ அவ்வளவுதான் தெரியும். கெமராவின் சென்சர் ஒளியை நிமிடக் கணக்கில் சேர்க்கிறது. பிறகு கணினி அத்தகைய நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. ஆகவே துவாரம் குறைந்ததால் வரும் நட்டத்தின் பெரும்பகுதியை நேரத்தால் ஈடுசெய்யலாம். விண்மீன்கள் நீண்டு போவது, மூலைகளில் சிதைவது, தொலைகாட்டி அசைவது போன்ற குறைகளை எவ்வளவு நேரத்தாலும் ஈடுசெய்ய முடியாது. சிறிய முறிவுத் தொலைகாட்டி தவிர்ப்பது இவற்றைத்தான். அதன் வில்லைகள் தொழிற்சாலையிலேயே ஒரே அச்சில் பொருத்தப்பட்டுப் பூட்டப்படுவதால், கொஸ்லந்தையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் தோட்டத்துப் பாதையில் முச்சக்கர வண்டியில் குலுங்கி வந்தாலும் பெரும்பாலும் இடம் பெயராது. ஆடித் தொலைகாட்டியோ அத்தகைய பயணம் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆடிகளைச் சரிபார்க்கச் சொல்லும். மூடிய குழாய் என்பதால் உள்ளே தூசும் பூச்சியும் போவதில்லை. நடுவில் இரண்டாம் ஆடி நின்று ஒளியை மறைப்பதுமில்லை.

வானப் படக்கலையின் வரலாறும் சிறிய வில்லைகளுக்குச் சாட்சி சொல்கிறது. எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் 1889 முதல் அமெரிக்காவின் லிக் நிலையத்தில் பால்வீதியைப் படமெடுத்தது 6 அங்குல வில்லை ஒன்றால். அது முதலில் படப்பிடிப்புக் கூடத்தில் ஆட்களைப் படமெடுக்கச் செய்யப்பட்டது. அதே நிலையத்தில் 36 அங்குலப் பெரிய தொலைகாட்டி நின்றும், பால்வீதியின் இருண்ட முகில்களைக் காட்டித் தந்தது அந்தச் சிறிய வில்லையின் அகன்ற பார்வைதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 15 சென்ரிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெயிலுள்ள நாள்தோறும் சூரியனின் முழு வட்டத்தைப் படமெடுத்து வந்திருக்கிறது. மிக அண்மைய சான்று இன்னும் வியப்பானது. 2022இல் பிரான்சைச் சேர்ந்த யான் செய்ந்தி, சேவியர் ஸ்ட்ரோட்னர், ஜெர்மனியைச் சேர்ந்த மார்செல் டிரெக்ஸ்லர் ஆகிய ஆர்வலர்கள் 106 மில்லிமீற்றர் தக்கஹாஷி முறிவுத் தொலைகாட்டியால் அந்திரோமேடா கலக்சியை 100 மணித்தியாலத்துக்கு மேல் படமெடுத்தார்கள். அந்தக் கலக்சியின் அருகே ஒட்சிசன் வாயு ஒளிரும் பெரிய வளைவு ஒன்று படத்தில் தெரிந்தது. வானியலாளர் அதிகம் படமெடுத்த கலக்சிகளில் ஒன்றின் பக்கத்தில் அதுவரை எவரும் காணாதது அது. 2023 ஜனவரியில் அந்தக் கண்டுபிடிப்பு ஆய்விதழில் வெளியானது.

இடமும் வானமும்

மீரியபெத்த வட அகலாங்கு ஏறத்தாழ 6¾ பாகையில் உள்ளது. இந்த ஓர் எண்ணிலிருந்தே இங்குள்ள ஆர்வலரின் வாய்ப்பும் தொல்லையும் பிறக்கின்றன. வாய்ப்பு தெற்கே இருக்கிறது. ஊவா மேட்டுநிலம் இங்கே திடீரென வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்குவதால் தென் அடிவானம் திறந்து கிடக்கிறது. அந்தத் திசையில் கடல் வரை பெருநகரம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஆர்வலர் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் தென்வானப் பொருள்கள் இங்கு வாசலுக்கு எதிரே எழுகின்றன. ஒமேகா சென்டோரி என்ற மாபெரும் கோள விண்மீன் கொத்து அடிவானிலிருந்து 36 பாகை உயரம் வரை வருகிறது. கரீனா நெபுலா 23 பாகைக்கு மேல் ஏறுகிறது. தென்சிலுவையின் அடிமுனை விண்மீன் 20 பாகையில் நிற்கிறது. பெரிய மகெல்லன் முகில் 13 அல்லது 14 பாகை மட்டுமே ஏறும். அதைப் பிடிக்க அடிவானம் முற்றாகத் தெளிந்திருக்க வேண்டும். பால்வீதியின் மையமோ, கேட்டை, மூலம், பூராடம் நிற்கும் வானப்பகுதியோடு, 54 பாகை உயரத்தில் வசதியாகக் கிடைக்கிறது.

பருவமும் ஒத்துழைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்று மழையை மத்திய மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்து, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம் இந்த வறண்ட வாரங்களில்தான் கொழுந்தில் ஏறுகிறது. அதே வாரங்களில் இரவு வானமும் தெளிகிறது. பால்வீதி மையம் முன்னிரவில் உச்சிக்கு வருவதும் அப்போதுதான். கொழும்பு ஆர்வலருக்கு முகில் மூடிய அந்த மாதங்கள் கொஸ்லந்தை ஆர்வலருக்கு ஆண்டின் சிறந்த மாதங்கள். பெப்ரவரியும் மார்ச்சும் இரண்டாவது நல்ல பருவம். கரீனாவுக்கும் தென்சிலுவைக்கும் உரியது.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு மீரியபெத்த லயங்களை மூடி உயிர்களைக் கொண்டு போனது இந்தப் பருவத்தில்தான். மழைக்காலத்தில் ஒரு வாரம் வானம் வெளுத்தாலும், நனைந்த சரிவில் கருவியோடு இரவைக் கழிப்பது கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நீக்கப்படாத இடத்தில் எந்தப் படமும் எடுக்கத் தகுந்ததல்ல. அந்த மாதங்கள் முன்பு எடுத்த படங்களைக் கணினியில் செம்மைப்படுத்துவதற்கு உரியவை.

நல்ல பருவத்துக்கும் ஒரு குறை உண்டு. ஹப்புத்தளைக் கணவாயைக் கடந்து வரும் காற்று ஜூலை, ஓகஸ்ட் இரவுகளில் மரங்களை உலுக்கும். நீண்ட குழாய் அந்தக் காற்றில் நடுங்கி விண்மீன்களைக் கோடாக்கிவிடும். 25 முதல் 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள குட்டைக் குழாயை லயத்தின் சுவரோரத்தில் மறைத்து வைத்தே வேலை செய்யலாம். இந்த மலையில் சிறிய கருவியைத் தெரிவு செய்ய விலைக்கு அடுத்த பெரிய காரணம் காற்றுதான்.

நிறப்பிறழ்ச்சியும் கண்ணாடியும்

வில்லைக்கு இயல்பான நோய் நிறப்பிறழ்ச்சி. நீல ஒளி சிவப்பு ஒளியை விட அதிகமாக முறிவதால் இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. 1758இல் லண்டனில் ஜோன் டொலண்ட் காப்புரிமை பெற்ற இரட்டை வில்லை, அதற்கு முன்பே 1730களில் செஸ்டர் மூர் ஹால் கண்டிருந்த வழியில், கிரவுன் கண்ணாடியையும் பிளின்ட் கண்ணாடியையும் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே புள்ளிக்குக் கொண்டு வந்தது. ‘அக்ரோமட்’ எனப்படும் இந்த வகையே இன்றும் மலிவான தொலைகாட்டிகளில் இருக்கிறது. நிலாவைக் கண்ணால் பார்க்க அது போதும். படத்துக்குப் போதாது என்பதைக் கணக்கே சொல்லும். சாதாரண அக்ரோமட்டில் எஞ்சும் நிற விலகல் குவியத்தூரத்தின் ஏறத்தாழ 2000இல் ஒரு பங்கு. 400 மில்லிமீற்றர் குவியத்தூரத்துக்கு அது 0.2 மில்லிமீற்றர். குவியத்தூரம் துவாரத்தைப் போல ஐந்து மடங்காக உள்ள எஃப்/5 தொலைகாட்டியில் படம் கூர்மையாக நிற்கும் ஆழமோ 0.07 மில்லிமீற்றர் கூட இல்லை. பச்சையில் கூர்மை பிடித்தால் நீலமும் ஊதாவும் மூன்று மடங்கு வெளியே நிற்கும். ஒவ்வொரு பிரகாசமான விண்மீனையும் சுற்றி ஊதா வளையம் படரும்.

இதைக் குறைக்க 19ஆம் நூற்றாண்டில் ஏர்ன்ஸ்ட் அபே செய்ஸ் நிறுவனத்தில் புளோரைட்டுப் பளிங்கைப் பயன்படுத்தி நுணுக்குக்காட்டிக்கு ‘அப்போக்ரோமட்’ வில்லைகளைச் செய்தார். இன்று அந்தப் பளிங்கின் இடத்தைப் பெரும்பாலும் குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடிகள் பிடித்துள்ளன. கண்ணாடியின் தரத்தை அபே எண் காட்டுகிறது. எண் கூடக் கூட நிறப்பிரிகை குறைவு. சாதாரண கிரவுன் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 64. ஒஹாரா நிறுவனத்தின் எஃப்பிஎல்-51 கண்ணாடிக்கு 81.5, அதே நிறுவனத்தின் எஃப்பிஎல்-53க்கும் ஹோயாவின் எஃப்சிடி-100க்கும் ஏறத்தாழ 95. சீனாவின் எஃப்கே-61 கண்ணாடி எஃப்பிஎல்-51க்கு இணையானது. விளம்பரத்தில் வெறுமனே ‘ஈடி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 81.5 வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண் எழுதாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணாடியின் பெயர் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. துணை வில்லை எந்தக் கண்ணாடி, குவிய விகிதம் எவ்வளவு, மெருகூட்டல் எவ்வளவு ஒழுங்கு என்பவையும் அதே அளவு முக்கியம். எஃப்/7.5 இரட்டை வில்லையில் 81.5 கண்ணாடி சுமாரான படம் தரும். அதே கண்ணாடி எஃப்/5.5இல் நீலத்தைக் கட்டுப்படுத்தத் திணறும். எஃப்/6க்கு அருகில் வேலை செய்ய விரும்புவோருக்கு 95 வகைக் கண்ணாடியில் இரட்டை வில்லை போதுமானது. எஃப்/5இலும் அதற்குக் கீழும் மூன்று வில்லைத் தொகுதி தேவை. ஆனால் மூன்று வில்லைகள் கனம் கூடியவை. இரவுக் குளிருக்கு இறங்க அதிக நேரம் எடுப்பவை. 80 மில்லிமீற்றருக்குக் கீழே ஒரு நல்ல இரட்டை வில்லையே விலைக்கும் எடைக்கும் சிறந்த இணக்கம்.

குவியத்தூரம்

துவாரத்தை வைத்துத் தொலைகாட்டி வாங்குவது கண்ணால் பார்ப்பவரின் பழக்கம். படமெடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது குவியத்தூரம். படத்தில் எவ்வளவு வானம் அடங்கும், ஒரு பிக்சலில் எவ்வளவு நுணுக்கம் விழும் என்ற இரண்டையும் அதுவே நிர்ணயிக்கிறது. இரண்டாவதற்கான சூத்திரம் எளிது: பிக்சலின் அளவை மைக்ரோமீற்றரில் எடுத்து, 206ஆல் பெருக்கி, குவியத்தூரத்தின் மில்லிமீற்றரால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை (பாகையின் 3600இல் ஒரு பங்கு) என்பது வரும். இன்று பரவலாக உள்ள 3.76 மைக்ரோமீற்றர் பிக்சல் 250 மில்லிமீற்றர் தொலைகாட்டியில் 3.1 விகலையையும், 400இல் 1.9 விகலையையும், 600இல் 1.3 விகலையையும் பார்க்கும். வளிமண்டலத்தின் நடுக்கம் சாதாரண இரவுகளில் விண்மீனை 2 முதல் 4 விகலை வரை பரப்பிவிடுவதால், 1.3க்குக் கீழே போவதில் இங்கே பயனில்லை.

ஏபிஎஸ்-சி அளவு சென்சர் 23.5 க்கு 15.7 மில்லிமீற்றர். 250 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் அது 5.4 பாகைக்கு 3.6 பாகை வானத்தைப் பிடிக்கும், 400இல் 3.4க்கு 2.2, 600இல் 2.2க்கு 1.5. தென்வானப் பொருள்களை இந்தச் சட்டங்களில் வைத்துப் பார்த்தால் தெரிவு தானாகவே தெளிவாகிறது. கரீனா நெபுலா 2 பாகை அகலம்: 400இல் அழகாக அமரும், 600இல் விளிம்பை முட்டும். தனுசு இராசியிலுள்ள லகூன், டிரைபிட் நெபுலாக்கள் ஒன்றுக்கொன்று ஒன்றரைப் பாகைக்குள் இருப்பவை: 400இல் இரண்டும் ஒரே படத்தில் வரும். கேட்டையைச் சுற்றிய வண்ண முகில்கள் 250க்கு உரியவை. அந்திரோமேடா 3 பாகை நீளம்: 400 வரை அடங்கும். ஒமேகா சென்டோரியும் சென்டாரஸ்-ஏ கலக்சியும் அரைப் பாகை அளவே உள்ளதால் 600 பொருந்தும். பெரிய மகெல்லன் முகிலோ 10 பாகை அகன்று கிடப்பதால் எந்தத் தொலைகாட்டியும் வேண்டாம். 135 மில்லிமீற்றர் கெமரா வில்லையே அதற்கு ஏற்றது.

குறுகிய குவியத்தூரத்தைத் தெரிவு செய்ய இந்த இடத்துக்கே உரிய இன்னொரு நியாயமும் இருக்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்வது அரிது. தென்வானச் செல்வங்கள் தாழ்வாக நிற்பதால் அவற்றின் ஒளி தடித்த காற்றின் ஊடே வருகிறது. 20 பாகை உயரத்தில் உச்சியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு காற்று; 14 பாகையில் நான்கு மடங்கு. அந்தக் காற்றே ஒரு முப்பட்டகமாகி நீலத்தையும் சிவப்பையும் செங்குத்தாகப் பிரிக்கிறது. 14 பாகை உயரத்தில் அந்தப் பிரிவு 4, 5 விகலைகள். 600 மில்லிமீற்றர் தொலைகாட்டியில் அது மூன்று, நான்கு பிக்சல்களைத் தாண்டி ஒவ்வொரு விண்மீனின் மேலும் கீழும் நிற விளிம்பாகத் தெரியும். 250இல் ஒன்றரைப் பிக்சலுக்குள் அடங்கி, மென்பொருளில் நிறத்தளங்களை நகர்த்தினால் மறைந்துவிடும். எத்தனை ஆயிரம் டொலர் வில்லையும் காற்றின் இந்தக் குறையைத் திருத்தாது.

எனவே 250 முதல் 450 வரையான எல்லையே ஊவாவின் தென்சரிவுக்கு உரியது. சந்தையில் இதற்குள் வருபவை பல. ரெட்கெட் 51 என்பது 250 மில்லிமீற்றர், எஃப்/4.9. செனித்ஸ்டார் 61 என்பது 360 மில்லிமீற்றர், எஃப்/5.9. ஸ்கைவொச்சர் எவோஸ்டார் 72ஈடி 420 மில்லிமீற்றர், எஃப்/5.8, அதன் 0.85 மடங்குக் குறைப்பானோடு 357 மில்லிமீற்றராகும். அஸ்கார் எஃப்ஆர்ஏ400 என்பது 72 மில்லிமீற்றர் துவாரத்தில் 400 மில்லிமீற்றர். எவோஸ்டார் 80ஈடி பெயர் பெற்ற கருவி, நிறமும் நன்று; ஆனால் 600 மில்லிமீற்றர், எஃப்/7.5 என்பதால் ஜூலை, ஓகஸ்ட் காற்றுக்கும் தாழ்ந்த தென்வானுக்கும் முதல் கருவியாகப் பொருந்தாது. எஃப்/7இல் 4 மணித்தியாலம் சேர்க்கும் பரப்பொளியை எஃப்/5 இரண்டு மணித்தியாலத்தில் சேர்க்கும். முகில் எப்போது மூடும் என்று தெரியாத மலையில் அது சிறிய வித்தியாசமல்ல.

தட்டையான புலம்

இரட்டை, மூன்று வில்லைத் தொலைகாட்டிகள் எல்லாவற்றிலும் குவியும் பரப்பு சற்றே வளைந்திருக்கும். சென்சர் தட்டையானது. நடுவில் விண்மீன் புள்ளியாக இருக்க, மூலைகளில் அது வெளிநோக்கி நீண்டுவிடும். இதற்காகத் தொலைகாட்டிக்கும் கெமராவுக்கும் நடுவில் ‘பிளாட்னர்’ எனப்படும் திருத்த வில்லை பூட்ட வேண்டும். தொலைகாட்டியின் விலையைப் பார்ப்போர் இதன் விலையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ எல்லா நேரமும் அது கட்டாயம். பிளாட்னரிலிருந்து சென்சர் வரை பெரும்பாலானவற்றில் 55 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கெனன் டிஎஸ்எல்ஆரின் உள் ஆழம் 44 மில்லிமீற்றர். அதற்கான டி-வளையம் 11. கூட்டினால் சரியாக 55. வானப்படத்துக்கென்றே செய்த கெமராவில் அந்த ஆழம் 17.5 அல்லது அதற்கும் குறைவு. மீதியை இடைவளையங்களால் நிரப்ப வேண்டும். கண்ணாடி வடிகட்டி ஒன்றைச் சேர்த்தால் அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கை இடைவெளியில் கூட்ட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிழையும் மூலைகளில் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்போருக்கு, திருத்த வில்லைகள் உள்ளேயே அமைந்த நான்கு, ஐந்து வில்லைக் கருவிகள் உள்ளன. ரெட்கெட்டும் எஃப்ஆர்ஏ400உம் அத்தகையவை. கெமராவைப் பூட்டிக் குவியம் பிடித்தால் போதும். கற்றுக்கொடுக்க யாரும் அருகில் இல்லாத தோட்டத்து ஆர்வலர் அந்த எளிமைக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

மவுன்ட்டும் துருவ விண்மீனும்

தொலைகாட்டியை விட மவுன்ட்டுக்கு அதிகம் செலவிட வேண்டும். பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைகாட்டியைத் திருப்பும் இந்தத் தாங்கி தவறினால் மிகச் சிறந்த வில்லையும் கோடுகளையே தரும். உற்பத்தியாளர் குறிப்பிடும் எடைத்திறனில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் படமெடுப்பதற்குக் கணக்கில் கொள்ள வேண்டும். தொலைகாட்டி, கெமரா, வழிகாட்டும் சிறு தொலைகாட்டி எல்லாம் சேர்ந்து 72 மில்லிமீற்றர் கருவியில் 4 கிலோவைச் சுற்றி வரும். 100 மில்லிமீற்றர் மூன்று வில்லைக்குப் போனால் இது இரட்டிப்பாகி, மவுன்ட்டின் எடையும் விலையும் கூடவே ஏறும். படிகளிலும் ஒற்றையடிப் பாதையிலும் கையால் சுமக்க வேண்டிய இடத்தில் இதுவே துவாரத்துக்கு உச்சவரம்பிடுகிறது.

அகலாங்கு தரும் தொல்லை இங்கேதான். மவுன்ட்டின் அச்சு வடதுருவத்தை நோக்க வேண்டும். மீரியபெத்தயில் அது அடிவானிலிருந்து 6¾ பாகை உயரம் மட்டுமே. மவுன்ட்கள் பல 10, 15 பாகைக்குக் கீழே சாய்வதில்லை. அப்படிப்பட்டதை வாங்கியவர் முக்காலியின் தென்பக்கத்தை உயர்த்தி வடக்கே சாய்க்க முயல்வார். சுமை நிலை தவறும். அச்சு ஏறத்தாழப் படுத்துவிடுவதால் எதிர்ச்சுமைக் கம்பி முக்காலிக் காலில் முட்டும். வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் எண் எடைத்திறனுக்கு முன்பே ‘எத்தனை பாகை வரை இறங்கும்’ என்பதுதான். சிறிய ஸ்டார் அட்வென்சரர் வகையும், எதிர்ச்சுமை வேண்டாத புதிய ஹார்மோனிக் வகை மவுன்ட்களில் பெரும்பாலானவையும் 0 பாகை வரை இறங்கும்.

இறங்கினாலும் துருவ விண்மீன் தெரிய வேண்டுமே. தென்சரிவில் வடக்கே மலைச்சுவர் நிற்கிறது. 6¾ பாகையில் உள்ள விண்மீன் அதன் பின்னே மறைந்துவிடும். தெரிந்தாலும் தாழ்ந்த காற்று அதை ஏறத்தாழ 7 கலை மேலே தூக்கிக் காட்டும். பழைய வழி, கிழக்கிலும் தெற்கிலும் உள்ள விண்மீன்கள் எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்து அச்சைத் திருத்துவது. புதிய வழி இன்னும் எளிது: நினா போன்ற இலவச மென்பொருள், வானின் எந்தப் பகுதியிலும் மூன்று படங்களை எடுத்து அச்சின் பிழையைக் கணக்கிட்டுச் சொல்லும். துருவ விண்மீனே தேவையில்லை. வடக்கு மறைந்த சரிவில் வாழ்வோர் இந்த வசதியைக் கற்றுக்கொள்ளாமல் மவுன்ட் வாங்கக் கூடாது.

குவியமும் ஈரமும்

அலுமினியக் குழாய் குளிரில் சுருங்கும். 40 சென்ரிமீற்றர் குழாய் 5 பாகை வெப்பம் குறைந்தால் 0.046 மில்லிமீற்றர் சுருங்கும். எஃப்/5இல் அனுமதிக்கப்பட்ட 0.07 மில்லிமீற்றரில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மலையில் முன்னிரவுக்கும் விடியலுக்கும் இடையே இந்த அளவு குளிர் இறங்குவது சாதாரணம். ஆகவே குவியத்தைத் தொடக்கத்தில் ஒரு முறை பிடித்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பாவெல் பாஹ்டினோவ் வடிவமைத்த கோட்டு மறைப்பை முன்னே மாட்டி, பிரகாசமான விண்மீனில் மூன்று ஒளிக்கோடுகளும் ஒன்றாக வெட்டும் வரை குமிழைத் திருப்புவது மலிவான, பிழையற்ற வழி. குவியக்குழாய் பல்சட்டத்தில் நகர்வதாக இருந்தால் கெமராவின் எடையில் வழுக்காது.

பனியும் பங்கசும் இந்த மலையில் வில்லையின் இரண்டு எதிரிகள். முன்வில்லை இரவு வானை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து காற்றை விடக் குளிர்ந்துவிடும். அதன்மேல் பனி படியும். நீட்டக்கூடிய பனிமறைப்பும், 12 வோல்ட் பெட்டரியில் ஓடும் சூடாக்கும் பட்டியும் இருந்தால் தடுக்கலாம். அந்தப் பனிமறைப்பு லயத்து இஸ்தோப்பின் மின்குமிழ் வெளிச்சத்தையும் தடுக்கும். பங்கசு இன்னும் மோசமானது. சார்பு ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாட்கள் நிலைக்கும் அறையில் அது கண்ணாடியின் பூச்சில் வேர்விட்டு அரித்துவிடும். நனைந்த கருவியை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்தால் ஒரு மழைப்பருவமே போதும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, அவ்வப்போது வறுத்து உலர்த்திய சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி ஆகியவற்றின் செலவு சொற்பம். பழைய கருவி வாங்குவோர் முன்வில்லையின் ஊடே கைமின்விளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, நூல் போன்ற கிளைகள் உள்ளே தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

நிலவொளியும் கணக்கில் வர வேண்டும். போயா விடுமுறை இரவு முழுநிலா இரவு. மங்கிய நெபுலாக்களுக்கு அது உதவாது. ஐதரசனின் 656, ஒட்சிசனின் 501 நனோமீற்றர் ஒளிகளை மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி இருந்தால் அன்றும் கரீனாவையோ லகூனையோ எடுக்கலாம். சாதாரண டிஎஸ்எல்ஆர் 656 நனோமீற்றர் சிவப்பில் பெரும்பகுதியைத் தன் உள்வடிகட்டியால் மறித்துவிடும். அதை நீக்கிய கெமரா நெபுலாவுக்குப் பல மடங்கு நல்லது.

விலை

நல்ல கண்ணாடியில் 60, 70 மில்லிமீற்றர் தொலைகாட்டி வெளிநாட்டில் சில நூறு டொலர். ஒன்று 400 டொலர் என்று வைத்தால், டொலருக்கு 300 ரூபா கணக்கில் 1,20,000 ரூபா. தீர்வையும் அனுப்பும் செலவும் தனி. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியில் அது 89 நாள் உழைப்பாக இருந்தது. மவுன்ட்டுக்கு அதற்கும் மேல். ஒரு தோட்டக் குடும்பத்திடம் இதைச் சாதாரணப் பரிந்துரையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதனால் வரிசை முக்கியமாகிறது. ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் கெமரா கையில் உள்ளவர் முதலில் வாங்க வேண்டியது 0 பாகை வரை இறங்கும் சிறு மவுன்ட். அதன்மேல் 135 மில்லிமீற்றர் பழைய கெமரா வில்லையைப் பூட்டினாலே கேட்டை முதல் பூராடம் வரை பால்வீதியும், தென்சிலுவையும், மகெல்லன் முகிலும் கிடைக்கும். ஓர் ஆண்டு அப்படிப் பழகிய பின் 72 மில்லிமீற்றர் தொலைகாட்டி அதே மவுன்ட்டின் எடைத்திறனுக்குள் வருமா என்று பார்த்து வாங்கலாம். 100 மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதும் சொந்த நிலையான தூணும் வண்டியும் உள்ளவர்களுக்கு மட்டும்.

அதை விட நியாயமான வழி ஒன்றும் உண்டு. ஒரு தொகுதி 72 மில்லிமீற்றர் கருவியும் மவுன்ட்டும் ஒரு பாடசாலையில் இருந்தால், ஜூன் முதல் செப்டெம்பர் வரையான அமாவாசை வாரங்களில் பல தோட்டங்களின் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். வாடகைக்கோ விற்பனைக்கோ கடை இல்லாத பகுதியில் கருவியை விடக் கற்றுக்கொடுக்கும் ஒருவரே அரிது; ஒரே இடத்தில் கருவி இருந்தால் அந்த ஒருவர் உருவாவார். பதுளை மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும், வெளிநாட்டில் வேலை செய்யும் மலையகத்தவரும், அடுத்த விளையாட்டு மைதான வேலியோடு இந்த ஒரு தொகுதியையும் தங்கள் திட்டப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.